விளக்கால் "வா" என்று சொல்லாதீர்கள்: ரங்கூன் - மௌல்மீன் சாலை ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லாரி, லைன் கார் (ஊர்விட்டு ஊர் ஓடும் பயணிகள் வண்டி) ஓட்டுநர்களுக்கும், இடது சீட்டில் உட்கார்ந்து வரும் ஸ்பேயா (ஓட்டுநரின் உதவியாள்) தம்பிகளுக்கும், வண்டி முதலாளிகளுக்கும், பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கும்,

வணக்கம். நான் தட்டோனில் பிறந்தவன். 1994-ல் 17 வயதில் ஸ்பேயாவாக லாரி ஏறினேன். பிறகு நானே ஸ்டியரிங் பிடித்தேன். கண் மங்கும்வரை பெகு, சைத்தோ, பீலின், தட்டோன், மௌல்மீன் என்று இதே சாலையில்தான் என் வயது கரைந்தது. மௌல்மீனுக்குப் போகும் தான்லுவின் ஆற்றுப் பாலம் 2005-ல் திறக்கும் முன்பு, அக்கரையில் உள்ள மொத்தமாவில் லாரியை நிறுத்திவிட்டுப் படகுக்குக் காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். உங்களில் சிலருக்கு என் முகம் நினைவிருக்கும்.

இதைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் மனதில் உள்ளதை எனக்கு முழுதாகச் சொல்ல வருவது இந்த மொழியில்தான். உங்களோடு ஓடும் பர்மிய, மொன், கரென் ஓட்டுநர்களிடம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து நீங்கள் இதைச் சொல்ல வேண்டும். சாலையில் ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருக்கும் சைகையால் யாருக்கும் பயன் இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்பேயாவாகச் சேர்ந்து இரண்டாவது மழைக்காலம். பீலினைத் தாண்டி இரவில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு லாரி, மெதுவாகப் போனது. பர்மாவில் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். எங்கள் வண்டியோ ஜப்பான் வண்டி, ஸ்டியரிங்கும் வலது பக்கம். ஓட்டுநர் அண்ணன் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகும் லாரியின் பின்கதவைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. முந்த வேண்டுமானால் இடப்பக்கம் போக வேண்டும். இடப்பக்கம் என்ன வருகிறது என்று பார்ப்பது என் வேலை. தலையை வெளியே நீட்டினேன். மழை, இருட்டு. அந்த நேரத்தில் முன் லாரியின் வலது இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிந்தது. "முந்திக்கொள்" என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இருட்டாக இருந்ததைக் காலி என்று நினைத்தேன். "யதே, யதே" (பர்மிய மொழியில் "சரி, போகலாம்") என்று கத்தினேன். அண்ணன் ஏறினார்.

முன் லாரிக்காரர் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வலது பக்கம் இருந்த தேநீர்க் கடையில் நிறுத்துவதற்காக விளக்குப் போட்டிருக்கிறார். எதிரே ஒரு தோலாஜி (எஞ்சின் பூட்டிய விவசாய வண்டி) விளக்கே இல்லாமல் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்த விவசாயியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இழந்தோம். அண்ணனுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. எனக்கு நெற்றியில் நான்கு தையல். அந்த "யதே" என் வாயிலிருந்து வந்தது. இத்தனை வருடம் கழித்தும் மழை இரவில் அந்தச் சொல் என் காதில் கேட்கிறது.

வேகம், தூக்கமின்மை, குடி, பிரேக் என்று விபத்துக்கு நாம் பேசும் காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த இரவில் அவற்றில் ஒன்றுமே இல்லை. யாரும் வேகமாகப் போகவில்லை, யாரும் குடிக்கவில்லை. ஒரே விளக்குக்கு இரண்டு பேர் இரண்டு பொருள் வைத்திருந்தோம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நம் சாலையின் கதை உங்களுக்குத் தெரியும். 1970 டிசம்பர் 6 வரை நாமும் இந்தியாவைப் போல இடப்பக்கம்தான் ஓட்டினோம். அன்று ஜெனரல் நே வின் ஆட்சியில் நாடே வலப்பக்கம் மாறியது. ஏன் மாறியது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் எனக்கு அக்கறை இல்லை. மாறியது சாலை மட்டும். வண்டி மாறவில்லை. அதன் பிறகும் ஜப்பானிலிருந்து வலது ஸ்டியரிங் வண்டிகளே வந்தன. 2011-ல் இறக்குமதி தளர்ந்ததும் அவை வெள்ளமாய் வந்தன. 2017 வாக்கில் விதி இடது ஸ்டியரிங் பக்கம் திரும்பியது. சீன லாரிகளும் நிறைய வந்துவிட்டன. அதனால் இன்று முன்னால் போகும் வண்டியின் ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்று பின்னால் வருபவரால் ஊகிக்க முடியாது. சாலைக்கு நடுப்பக்கம் உட்கார வேண்டியவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்டில், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்வது மற்ற நாடுகளைவிட நூறு மடங்கு தெளிவாக இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ, யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று தெரியாத பழக்கங்கள்.

வலது இண்டிகேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வலப்பக்கச் சந்தில் திரும்பப் போடுகிறார். ஒருவர் ஓரம் கட்டப் போடுகிறார். ஒருவர் "எதிரே காலி, முந்திக்கொள்" என்று போடுகிறார். இடது இண்டிகேட்டரும் அப்படித்தான். ஒருவருக்கு அது இடப்பக்கம் திரும்புவது; ஒருவருக்கு "எதிரே வண்டி, வராதே"; வேறு சிலருக்கோ "என் இடப்பக்கமாக வா". இந்தக் கடைசிப் பொருளைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்குகிறது. "வராதே" என்று ஒருவர் போடும் அதே விளக்கை "வா" என்று இன்னொருவர் படிக்கும் சாலையில் நம் பிள்ளைகள் பயணம் செய்கிறார்கள்.

என் அப்பா ரயில்வேயில் இருந்தார். பெகுவிலிருந்து மொத்தமா வரை போகும் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. நான் சிறுவனாக இருந்தபோது கைகாட்டி மரத்தைக் காட்டி ஒரு விஷயம் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து கைகாட்டி வரை நீண்ட கம்பி ஓடுகிறது. நெம்புகோலை இழுத்தால் கை "போ" என்று மாறும். அந்தக் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "எடை கட்டியிருக்கிறது பார். கம்பி அறுந்தால் கை தானாக 'நில்'லுக்குத் திரும்பிவிடும். கெட்டுப்போனாலும் ரயிலை நிறுத்தித்தான் கெடும்" என்றார்.

அண்ணன்மார்களே, நான் உங்களிடம் கேட்பதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. நம் விளக்கும் ஹாரனும் கையும் வாயும், பாதி கேட்டாலும், தவறாகப் படித்தாலும், "நில்" என்ற பக்கமே சாய வேண்டும்.

அந்தக் கண்ணோடு இண்டிகேட்டரை மறுபடி பாருங்கள். இடது இண்டிகேட்டர் "நான் இடப்பக்கம் திரும்புகிறேன்" என்றாலும் சரி, "எதிரே வண்டி வருகிறது" என்றாலும் சரி, பின்னால் வருபவர் செய்ய வேண்டியது ஒன்றே: பின்னாலேயே இருப்பது. இந்த இரண்டில் எந்தப் பொருளை எடுத்தாலும் யாரும் சாகமாட்டார்கள். வலது இண்டிகேட்டர் அப்படி அல்ல. "ஓரம் கட்டுகிறேன்" என்பதை "முந்திக்கொள்" என்று படித்தால் பீலினில் நடந்தது நடக்கும். ஆகவே இடது விளக்கை "வராதே" என்பதற்கு வைத்துக்கொள்வோம். வலது விளக்கைத் திரும்புவதற்கும் ஓரம் கட்டுவதற்கும் மட்டும் வைத்துக்கொள்வோம். "வா" என்பதற்கு எந்த விளக்கும் வேண்டாம்.

"அப்படியானால் பின்னால் வருபவருக்கு எப்படி உதவுவது? எனக்குத்தானே முன்னால் தெரிகிறது?" என்று கேட்பீர்கள். நல்ல மனது உள்ளவர்கள் கேட்கும் கேள்வி அது. "முந்திக்கொள்" என்று விளக்குப் போடுபவர்கள் எல்லாரும் உதவி செய்ய நினைப்பவர்கள்தான். உதவ வழி இருக்கிறது. வலப்பக்கம் ஒதுங்குங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அவரே எட்டிப் பார்க்க இடம் கொடுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். பின்னால் வருபவருக்கும் ஒன்று சொல்கிறேன்: முன் லாரியின் வாலை ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது. பத்துப் பதினைந்து முழம் அல்ல, ஐம்பது அறுபது முழம் விட்டுப் பின்வாங்கினால், வலது சீட்டிலிருந்தும் சாலை கொஞ்சம் திறக்கும். நான் இதைக் கற்றுக்கொள்ள எட்டு வருடம் ஆனது.

வெளிநாட்டில் இதே கவலையை வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். 2015-ல் சாம்சங் நிறுவனம் அர்ஜென்டினாவில் ஒரு லாரியைக் காட்டியது. லாரியின் முன்னால் கேமரா, பின்கதவில் பெரிய திரைகள். முன்னால் என்ன வருகிறதோ அது பின்னால் வருபவருக்குப் படமாகத் தெரியும், இரவிலும்கூட. நம் வண்டிகளுக்கு அந்தத் திரை எப்போது வரும் என்று நான் காத்திருக்கச் சொல்லவில்லை. அதை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவைப் பாருங்கள்: அந்த லாரி பின்னால் வருபவரிடம் "வா" என்று சொல்வதில்லை, இருப்பதைக் காட்டிவிட்டு விடுகிறது.

ஹெட்லைட்டை வெட்டி வெட்டிக் காட்டுவதும் இதே நோய்தான். ஒரு வண்டி மட்டும் போகும் குறுகிய பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு வண்டி நிற்கிறது. ஒருவர் லைட் அடிக்கிறார். நம் பக்கத்தில் அதற்கு "நான் வருகிறேன், நில்" என்று பொருள். "நீங்கள் முதலில் வாருங்கள்" என்று மரியாதையாக அடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் அடித்தால் இரண்டு பேரும் இறங்குகிறார்கள். பிரிட்டனின் சாலை விதிநூல் இதில் கண்டிப்பாக இருக்கிறது: "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க மட்டும் லைட் அடிக்கலாம், வேறு எந்தச் செய்திக்கும் அடிக்கக்கூடாது. நாமும் அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். முதலில் போகச் சொல்ல விரும்பினால் வண்டியை முழுவதும் நிறுத்தி லைட்டைக் குறைத்துவிடுங்கள். நின்ற வண்டியை யாரும் தவறாகப் படிக்க முடியாது.

தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவடி போகும் பழைய தாவ்னா மலைச் சாலையில் ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும். 2015-ல் புதுச் சாலை திறக்கும் வரை, ஒரு நாள் ஏறும் வண்டிகள், மறுநாள் இறங்கும் வண்டிகள். அவ்வளவு குறுகிய, பள்ளம் பார்த்த சாலையில், எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது என்று புலம்பினோமே தவிர, இன்று யார் முறை என்பதில் ஒருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை. நம்மால் ஓர் ஒழுங்குக்குள் வர முடியும் என்பதற்கு எனக்கு அதுவே சாட்சி.

இனி ஸ்பேயா தம்பிகளுக்கு. நீங்கள்தான் ஓட்டுநரின் இடது கண். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கை நடுச் சாலையில் யாருக்கும் தெரியாது, அதனால் அவருடைய இடது கையும் நீங்கள்தான். ஆனால் நாம் பயன்படுத்தும் சொற்களை என்றாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? "சரி, போகலாம்" என்பதற்கு "யதே". "வருகிறது" என்பதற்கு "லாதே". எஞ்சின் இரைச்சலில், மழையில், கண்ணாடி இறக்கிய ஜன்னல் காற்றில், இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். தமிழர்கள் நாம் இருவர் மட்டும் வண்டியில் இருந்தால் தமிழில் சொல்கிறோம். அதுவும் மேல் இல்லை. "போகலாம்", "போகாதே" இரண்டும் "போக" என்று ஒரே மாதிரிதான் தொடங்கும். நம் மொழியில் மறுப்பு வாலில் இருக்கிறது. காற்று முதலில் அடித்துக்கொண்டு போவது வாலைத்தான். இன்னொன்றும் உண்டு: பர்மிய "தே" என்பது "ஆம்" என்று முடிக்கும் ஒலி, தமிழ்க் காதுக்கோ "ஆதே" என்றால் தடை. புதிதாக வேலைக்கு வரும் தமிழ்ப் பையனுக்கு "லாதே" என்பது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டும் ஓசை இதைவிட நல்லது. தமிழ்நாட்டு பஸ் கண்டக்டர்கள் ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் புறப்பட வேண்டும். இதில் உள்ள அறிவைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று காதில் விழாமல் போனால் மிஞ்சுவது ஒன்று. ஒன்று என்றால் நில். என் அப்பாவின் கைகாட்டியேதான். கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு என்றால் "நில், வராதே". இடைவெளி விட்டுத் தெளிவாக இரண்டு தட்டு என்றால் "எனக்குத் தெரிந்தவரை காலி". சந்தேகம் இருந்தால் தட்டவே தட்டாதீர்கள். ஓட்டுநர்களே, தட்டு கேட்கவில்லையென்றால் முந்தாதீர்கள். தட்டாத பையனை "ஏன் சும்மா இருக்கிறாய்" என்று திட்டாதீர்கள். 18 வயதில் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததற்கு, அதற்கு முந்தின வாரம் வாங்கிய திட்டும் ஒரு காரணம்.

ரங்கூனில் 2017 ஜனவரியில் வொய்பிஎஸ் என்ற புதிய நகர பஸ் சேவை வந்த பிறகு, பல பஸ்களில் கண்டக்டர் இல்லாமல் போனார். காசைப் பெட்டியில் போட்டுவிட்டு ஏற வேண்டியிருந்தது. "பாதே" என்று யாரோ இறங்கக் குரல் கொடுப்பதும், "ஸ்வே" என்று புறப்படச் சொல்வதும் குறைந்துவிட்டன. இறங்குபவரைப் பற்றி ஓட்டுநருக்குச் சொல்ல இருந்த ஒரு வாய் போய்விட்டது. நெடுஞ்சாலை லைன் கார்களிலும் ஆளைக் குறைக்கப் பேசும் முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும்வரை இடது சீட்டைக் காலியாக விடாதீர்கள். அது கூலி மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல.

பட்டறைக்காரர்களே, ஹெட்லைட்டைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டும். ஜப்பான் வண்டியின் டிம் லைட், இடப்பக்கம் ஓடும் சாலைக்காகச் செய்தது. வண்டியைச் சுவருக்கு நேராக, 25 அடி தள்ளி, சமதரையில் நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு வலது பாதியில் நேராக இருக்கும். இடது பாதியில் மேல்நோக்கி ஏறும். அங்கே இடப்பக்கம் சாலை ஓரம், நடந்து போகிறவர்கள் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. நம் சாலையில் இடப்பக்கம் இருப்பது எதிரே வரும் ஓட்டுநரின் கண். அதனால் டிம் போட்டிருந்தும் அவருக்குக் கூசுகிறது. பிரைட்டில் வருகிறோம் என்று நினைத்து அவர் லைட் அடிக்கிறார். நாம் பதிலுக்கு அடிக்கிறோம். இருவரும் குருடாகிப் பக்கத்தில் பக்கத்தில் கடக்கிறோம். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. கண்ணாடி மட்டும் தவறான நாட்டுக்குச் செய்தது. நம் வலது ஓரத்தில் நடப்பவரும் சைக்கிள்காரரும் தோலாஜிக்காரரும் அதே நேரம் இருட்டில் இருக்கிறார்கள்.

இதற்குச் செலவு பெரிதில்லை. பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குக் காரில் போகிறவர்கள் ஹெட்லைட் கண்ணாடியில் சிறிய ஒட்டி ஒன்றை ஒட்டிக்கொண்டு போவார்கள். மேலேறும் அந்தத் துண்டை மட்டும் அது மறைக்கும் அல்லது திருப்பிவிடும். இடது ஸ்டியரிங் வண்டிக்கான லைட் கிடைக்கும் மாடலாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கிடைக்காவிட்டால், சூடு தாங்கும் டேப்பைச் சரியான இடத்தில் ஒட்டி, சுவரில் அந்த ஏற்றம் மறைகிறதா என்று பாருங்கள். ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் போதும்.

பிரேக் லைட்டும் உங்கள் கையில்தான். நடுவில் உயரமாக வைக்கும் மூன்றாவது பிரேக் லைட் அமெரிக்காவில் 1986 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். பின் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே சிவப்பாக ஒரே இடத்தில் எரிந்தால், கூடுதலாக எரிகிறதா இல்லையா என்று பின்னால் வருபவர் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தனியாக நிற்கும் விளக்கு பிரேக்குக்கு மட்டும் எரியும், அதற்கு வேறு பொருள் இல்லை. நம் லாரிகளில் தார்பாய் தொங்கி, மூட்டை பிதுங்கி, கீழே இருக்கும் விளக்கில் சேறு அப்பி, எதுவுமே தெரிவதில்லை. பாடி கட்டும்போது பின்கதவின் மேல் சட்டத்தில் ஒரு சிவப்பு விளக்கு வையுங்கள். பிரேக்குக்கு மட்டும் இணையுங்கள், அழகுக்காக மின்னவிடாதீர்கள்.

இடப்பக்கக் கதவு உள்ள லைன் கார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. அந்தக் கதவு நடுச்சாலைக்குத் திறக்கிறது. வலப்பக்கம் கதவு வெட்டிக்கொடுங்கள். அதுவரை ஸ்பேயா முதலில் இறங்கி, பின்னால் பார்த்து, கை நீட்டி நின்ற பிறகுதான் பாட்டிமார்களும் பிள்ளைகளும் இறங்க வேண்டும்.

தோலாஜி ஓட்டும் விவசாயிகளுக்கு நம்மிடம் இருக்கும் எந்த விளக்கும் இல்லை. அவர்களை நாம் ஏசுகிறோம். ஒவ்வொரு லாரி முதலாளியும் தன் ஊர்ப் பக்கத்துத் தோலாஜி ஐந்துக்கு, முன்னும் பின்னும் ஒளி திருப்பும் பட்டை வாங்கி ஒட்டிக்கொடுத்தால் எவ்வளவு ஆகிவிடும்? கோயில் விழாவுக்கு நாம் கொடுக்கும் நன்கொடையில் ஒரு சிறு பங்கு. வண்டிக்கு, காப்பு என்று கருதும் தபியே இலையும் மல்லிகைச் சரமும் கட்டிப் புறப்படும் நாம், எதிரே வருபவனின் உயிருக்காகவும் ஒன்று கட்டுவோம்.

தட்டோனில் எங்கள் தெருப் பட்டறையில் பேசி வைத்திருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணியிலிருந்து சுவர் வெள்ளையடித்து, 25 அடிக்குக் கோடு போட்டுக் காத்திருப்போம். ஹெட்லைட் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்; டேப் நான் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் ஸ்பேயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையில் எவ்வளவு விட வேண்டும் என்பதை எஞ்சினை ஓடவிட்டுச் சேர்ந்து பழகிப் பார்க்கலாம்.

அன்புடன்,
தட்டோனிலிருந்து ஒரு பழைய ஸ்பேயா